டைல்ஸ், கிரானைட் தண்ணீர் விட்டு அறுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயம், சென்னிமலை, பெருந்துறை பக்கம் 22 வருஷமாக டைல்ஸ் பதிக்கிறேன், கிரானைட் மேடை போடுகிறேன். வீடு கட்டுகிறவர்களும் புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எனக்கு முக்கியமாகப் படுவதற்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தண்ணீர் விடாமல் அறுத்தாலும் கல் அறுபடுகிறதே, பிறகு எதற்குத் தண்ணீர்?

அறுபடும், உண்மைதான். ஆனால் பிளேடுக்கும் கேடு, ஆளுக்கும் கேடு.

பிளேடைப் பொறுத்தவரை சூடுதான் எதிரி. 110 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 13,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 75 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் கல்லில் உரசும்போது வருகிற சூட்டில், வைரத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் உலோகம் கெடும், பிளேடு வளையும், டைல்ஸ் ஓரம் சூட்டிலேயே விரிசல் விடும்.

பிளேடு போனால் வேறு வாங்கலாம். நுரையீரலுக்கு மாற்று கிடையாது. அசல் கிரானைட்டில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. வெட்ரிஃபைட் டைல்ஸிலும் சிலிக்கா இருக்கிறது. அறுக்கும்போது மூஞ்சியில் அடிக்கிறதே வெள்ளைப் புழுதி, அதில் கண்ணுக்குத் தெரிவது சீக்கிரம் கீழே படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூள்தான் மணிக்கணக்கில் காற்றில் நின்று, மூச்சோடு உள்ளே போய், நுரையீரலின் அடி ஆழத்தில் தங்கிவிடுகிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே 70 மைக்ரான் அளவுக்கு வரும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே போனது வெளியே வராது. அது தங்கின இடம் தழும்பாகிக் கெட்டியாகும். அதற்குப் பெயர் சிலிக்கோசிஸ், குணப்படுத்த மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரக்கூடும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. அவர் காலத்தில் எல்லாம் தண்ணீர் விடாத வெட்டுதான். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அறையின் நடுவில் உட்கார்ந்து அறுப்பார், வெளியே வரும்போது புருவம், இமை, காது மடல் எல்லாம் திருநீறு பூசின மாதிரி இருக்கும். 48 வயதில் இருமல் பிடித்தது. டிபி என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், நிற்கவில்லை. அப்புறம் வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் இது கல் தூசி என்று சொன்னார்கள். இன்றைக்கு அவரால் மாடிப்படி பன்னிரண்டை ஒரே மூச்சில் ஏற முடியாது, நாலு படிக்கு ஒரு தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் இந்தத் தண்ணீர் விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

வைர பிளேடுக்குப் பல்லே இல்லையே, எப்படி வெட்டுகிறது?

வெட்டுவதில்லை, அரைக்கிறது. விளிம்பில் பதித்திருக்கும் வைரத் துகள் கல்லைத் தேய்த்துத் தேய்த்து வழி பண்ணிக்கொண்டு போகும். துகள் மழுங்கும்போது அதைப் பிடித்திருக்கும் உலோகமும் தேய்ந்து, பழைய துகள் உதிர்ந்து, அடியில் இருக்கும் புதுத் துகள் மேலே வரும். நம்ம நொய்யல் கரை கொடுமணலில் அகழாய்வில் கிடைத்த கல்மணிகளைப் பாருங்கள், அத்தனை கெட்டியான கல்லையும் தேய்த்துத்தான் வழவழப்பாக்கியிருக்கிறார்கள். கல்லை வழிக்குக் கொண்டுவர அன்றும் இன்றும் தேய்ப்பதுதான் வழி. இது புரிந்துவிட்டால் மெஷினை அழுத்தவே மாட்டீர்கள்.

எந்த மெஷின் வாங்குவது?

ஒரே ஒரு வீட்டு வேலைக்கு என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

தொழிலுக்கு என்றால் முதலில் கீறி உடைக்கும் கை கட்டரை வாங்குங்கள். நேர் வெட்டுக்கு அதுவே போதும், கரண்ட் வேண்டாம், புழுதியும் கிட்டத்தட்ட இல்லை. 600 × 1200 டைல்ஸ்தான் இப்போது எல்லா வீட்டிலும் என்பதால் 4 அடி நீளம் எடுக்கிற மாதிரி வாங்க வேண்டும். அடுத்தது 4 அங்குல மார்பிள் கட்டர், தண்ணீர்க் குழாய் மாட்ட வசதி உள்ளதாக. மூன்றாவதுதான் மேசை கட்டர். அதில் பிளேடின் அடிப்பாகம் தொட்டித் தண்ணீரில் நனைந்தபடியே சுற்றும், இல்லாவிட்டால் சின்ன பம்ப் தண்ணீரை மேலே ஏற்றி பிளேடில் ஊற்றும். ஸ்கர்டிங், படி ஓரம், 45 டிகிரி வெட்டு எல்லாம் நிறைய இருக்கும் வேலைக்கு இதன் அருமை தெரியும்.

ஏஜி மெஷினில் (ஆங்கிள் கிரைண்டர்) வைர பிளேடு மாட்டித் தண்ணீர் ஊற்றி அறுக்கிறவர்களைப் பார்க்கிறேன். செய்யாதீர்கள். அதன் காற்றுத் துளை தண்ணீரை மோட்டாருக்குள் இழுத்துக்கொள்ளும்.

பிளேடில் எத்தனையோ வகை இருக்கிறதே?

விளிம்பு முழுக்க ஒரே வட்டமாக இருப்பது டைல்ஸுக்கு. மெதுவாகப் போகும், ஆனால் ஓரம் சுத்தமாக வரும். இடையிடையே வெட்டு விட்டிருப்பது கிரானைட், கான்கிரீட்டுக்கு. அலை அலையாக இருக்கும் டர்போ இரண்டுக்கும் நடுவில். இவ்வளவு தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். மாட்டும்போது அம்புக்குறியைப் பாருங்கள், பிளேடில் அச்சடித்திருக்கும் அதிகபட்சச் சுற்று உங்கள் மெஷின் சுற்றைவிடக் குறைவாக இருந்தால் மாட்டாதீர்கள். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் அதற்குரிய வளையத்தைப் போட்டே மாட்ட வேண்டும். வளையம் இல்லாமல் இறுக்கினால் பிளேடு ஆடும், வெட்டு அகலமாகும், ஒரு நாள் உடைந்து பறக்கும்.

புது பிளேடு, ஒரு நாள்தான் ஓட்டினேன், இப்போது கீச்சென்று சத்தம் வருகிறது, வெட்ட மாட்டேன் என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. கெட்டியான வெட்ரிஃபைட்டையோ கிரானைட்டையோ தொடர்ந்து அறுக்கும்போது வைரம் மழுங்கிவிடுகிறது, ஆனால் பிடித்திருக்கும் உலோகம் தேயாமல் வழவழவென்று மூடிக்கொள்கிறது. விரலால் தொட்டுப் பாருங்கள் (பிளக்கைப் பிடுங்கிவிட்டு), சொரசொரப்பு இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்குச் சாணைக்கல் ஒன்றை எடுத்துத் தண்ணீர் விட்டு ஏழெட்டு வெட்டு ஆழமில்லாமல் போடுங்கள். சாணைக்கல் இல்லையா, சைட்டில் கிடக்கும் ஹாலோ பிளாக்கோ செங்கலோ போதும். உலோகம் தேய்ந்து புது வைரம் வெளியே வந்துவிடும், பிளேடு பழையபடி இறங்கும்.

சாணை பிடிக்க உதவும் குருந்தக்கல் நம் ஊர்ச் சரக்கு என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனமில்லை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் குருந்தம் கிடைக்கிறது, ஆங்கிலத்தில் கொரண்டம் என்று சொல்வதே நம் குருந்தத்திலிருந்து போன சொல்தான். வைரத்துக்கு அடுத்தபடி மிகக் கெட்டியான கற்களில் ஒன்று அது.

தண்ணீர் எவ்வளவு விட வேண்டும்? எப்படி விடுவது?

மார்பிள் கட்டருக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒன்று 40 நிமிடம் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வெட்டுவாயிலிருந்து வெளியே வருவது பால் மாதிரி ஓட வேண்டும். பசை மாதிரி வந்தால் தண்ணீர் போதவில்லை, புகை மாதிரி தெரிந்தால் தண்ணீரே போய்ச் சேரவில்லை.

கையாள் ஒருவர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுப் பீய்ச்சுவது எல்லா இடத்திலும் நடப்பது. ஒன்றுமில்லாததற்கு அது தேவலை, ஆனால் அந்த ஆளின் முகம் பிளேடுக்கு ஒன்றரை அடியில் இருக்கிறது, செல்போன் அடித்தால் தண்ணீர் நின்றுவிடுகிறது. நான் செய்வதைச் சொல்கிறேன். நம்ம ஊரில் தென்னந்தோப்பு இருக்கிற வீடெல்லாம் சொட்டுநீர்க் குழாய் கிடக்கும். 6 மி.மீ. மைக்ரோ டியூப் 5 மீட்டர், அதற்கு ஒரு சின்ன வால்வு. பக்கெட்டை ஜன்னல் சன்ஷேடு மேலோ சாரத்தின் மேலோ வைத்து, டியூபை உறிஞ்சி விட்டுவிட்டு, மறுமுனையை மெஷின் கார்டில் (பிளேடை மூடியிருக்கும் தகடு) இரண்டு டேக் போட்டுக் கட்டி, வாய் சரியாக பிளேடு கல்லுக்குள் இறங்கும் இடத்தைப் பார்க்கிற மாதிரி வளைத்துவிடுவேன். செலவு நூறு ரூபாய்க்குள்தான். கரண்ட் இல்லாத பம்ப், அடைத்தால் ஊதிவிட்டால் சரியாகிவிடும். மேசை கட்டருக்குப் பம்ப் கெட்டுப்போனால் ஏர் கூலரில் போடும் சின்ன மோட்டார் அப்படியே பொருந்தும்.

எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. பரவாயில்லையா?

வெட்டுவதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உப்புக் காய்ந்து டியூப் வாயையும் பம்ப்பையும் அடைக்கும், எலுமிச்சை உப்புக் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் விட்டுவிடும். வேலை முடிந்ததும் மெஷின் அடித்தட்டை, பிளேடு நட்டை நல்ல தண்ணீரில் துடைத்துக் காய வையுங்கள். மோட்டார் மேலே ஊற்றிக் கழுவாதீர்கள்.

தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் பயமாக இருக்கிறதே?

பயப்பட வேண்டிய விஷயம்தான், அதற்காகத் தண்ணீரை நிறுத்துவது தீர்வாகாது.

முதல் காரியம், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். வீட்டுக்கு எப்படியும் வாங்கிப் போடத்தான் போகிறீர்கள், பூச்சு வேலை முடிந்ததுமே தற்காலிக போர்டில் மாட்டிவிடுங்கள். தினமும் காலையில் அதன் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். வேலை நடுவில் அது விழுந்தால் மெஷினை வெயிலில் காய வைக்க வேண்டும், வயரைப் பார்க்க வேண்டும். ஆர்சிசிபியைத் தாண்டி வயர் கொடுத்து ஓட்டுகிற சைட்டில் நான் நிற்க மாட்டேன்.

அடுத்தது வயர். பிளக் இல்லாமல் செம்புக் கம்பியை சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சியால் அடைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. காய்ந்த தரையிலேயே அது ஆபத்து, சேறும் தண்ணியுமாக இருக்கிற தரையில் அது உயிரை எடுத்துவிடும். மூன்று கம்பி உள்ள நல்ல வயர், ஒட்டுப்போடாத ஒரே நீளம், எர்த்தோடு பிளக். போர்டு தரையில் கிடக்கக் கூடாது, சுவரில் தொங்க வேண்டும். வயர் போர்டுக்கு நேராக ஏறாமல், கொஞ்சம் கீழே வளைந்து தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வயரில் வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. காலில் ரப்பர் பூட்ஸ். வெறுங்காலோடு குத்தவைத்து அறுக்கிற பழக்கத்தை விடுவது கஷ்டம்தான், எனக்கும் இரண்டு வருஷம் ஆனது.

ஹாலுக்குள்ளேயே உட்கார்ந்து அறுத்தால் வேலை சீக்கிரம் முடியும், கூடாதா?

கூடாது. தண்ணீர் விட்டாலும் சாரல் பறக்கும், அந்தச் சாரலுக்குள்ளும் தூள் இருக்கிறது. வெளியே, நிழலில், காற்றோட்டத்தில். நம்ம பக்கம் ஆனியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும், அப்போது வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் வெட்டுமிடம் வைத்தால் புழுதி வீட்டுக்குள் வராது. காற்று பக்கவாட்டில் அடிக்கிற மாதிரி உட்காருங்கள். முதுகில் அடித்தால் சுழன்று முகத்துக்கே வரும்.

தண்ணீர் விட்டால் முகமூடி தேவையில்லைதானே?

தேவை. என்95 போதும், ஆனால் கன்னத்தில் ஒட்டி உட்கார வேண்டும், தாடிக்கு மேல் போட்டால் ஓரத்தில் காற்று நுழையும். துண்டு தூசியைத் தடுக்காது, என் மாமா கட்டினதும் துண்டுதான். சேறு காய்வதற்குள் தரையைக் கழுவிவிடுங்கள், காய்ந்த பிறகு விளக்குமாறு போட்டால் காலையில் தண்ணீரில் அடக்கின தூசி சாயங்காலம் எழுந்து வரும். வேலைத் துணியை சைட்டிலேயே மாற்றிவிட்டுப் போய்க் குழந்தையைத் தூக்குங்கள்.

ஓரம் சிதறுகிறது, பல் பல்லாக வருகிறது.

மார்பிள் கட்டரில் ஒரே தடவையில் முழு ஆழம் இறக்காதீர்கள். முதலில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு ஓட்டம், கோடு மாதிரி. அதே தடத்தில் இரண்டாவது ஓட்டத்தில் முழுசாக. முடிவதற்கு இரண்டு அங்குலம் முன்னால் நிறுத்தி, எதிர்முனையிலிருந்து வந்து சேருங்கள், கடைசியில் பட்டென்று முக்கோணமாக உடைவது நின்றுவிடும். துண்டின் இரண்டு பக்கமும் அடியில் தாங்கல் இருக்க வேண்டும்.

கோடு அழிகிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். பென்சிலில் கோடு போட்டு, அதன் மேல் மெழுகுவர்த்தியை அழுத்தி ஒரு இழுப்பு இழுங்கள், எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் கோடு நிற்கும்.

சுவிட்ச் பாக்ஸுக்கு எல் வெட்டு போட்டால் மூலையில் விரிசல் ஓடுகிறது, ஏன்?

கூரான உள்மூலைதான் விரிசலுக்கு வழி. முதலில் மூலையில் 6 அல்லது 8 மி.மீ. வைர பிட்டால் ஒரு ஓட்டை போடுங்கள், டிரில்லில் சுத்தி (ஹேமர்) மோடு அணைத்திருக்க வேண்டும், ஈர ஸ்பாஞ்சை ஓட்டைப் பக்கத்தில் வைத்துச் சொட்ட விடுங்கள். அப்புறம் இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டி ஓட்டையில் முடியுங்கள். பிளேடு வட்டமாக இருப்பதால் மேலே மூலை வந்துவிட்டாலும் அடியில் இன்னும் பாக்கி இருக்கும். அதை மேலிருந்தே தீர்க்கப் பார்த்தால் வெட்டு மூலையைத் தாண்டிவிடும். டைல்ஸைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து முடியுங்கள்.

சமையல் மேடை கிரானைட்டில் சிங்குக்கு வெட்டியபோது முன்பக்கப் பட்டை உடைந்துவிட்டது. யார் தப்பு?

நேரில் பார்க்காமல் தப்பு யாருடையது என்று சொல்வது சரியில்லை. ஆனால் எப்படி உடைகிறது என்று சொல்லலாம். 18 மி.மீ. கிரானைட் ஒரு சதுர அடி நாலரை கிலோ. 8 அடிக்கு 2 அடி என்றால் 72 கிலோ, இரண்டு பேர் தூக்குவதே சிரமம். சிங்குக்கு வெட்டின பிறகு முன்னால் மூன்று அங்குலப் பட்டைதான் அத்தனையையும் பிடித்திருக்கிறது. அந்த நிலையில் படுக்கையாகத் தூக்கினால் உடையாமல் என்ன செய்யும்? முடிந்தவரை மேடையில் வைத்த பிறகு, அடியில் தாங்கல் கொடுத்து வெட்ட வேண்டும். வெளியில் வெட்டினால் முன்னும் பின்னும் மரச்சட்டத்தை கிளாம்ப் போட்டுக் கட்டி, கல்லை நெட்டுக்குத்தாகத் தூக்க வேண்டும். நாலு மூலையிலும் கோர் பிட்டால் (வட்டமாக அறுக்கும் குழாய் பிட்) ஓட்டை, அப்புறம் நேர் வெட்டு. நடுத்துண்டை அடியில் ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும், அது தானாக விழுந்தால் மூலையைக் கிழித்துக்கொண்டு விழும்.

கடப்பா கல்லுக்கும் இதெல்லாம் உண்டா?

கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, கிரானைட் அளவுக்குக் கெட்டியில்லை, சீக்கிரம் அறுபடும், அடுக்கடுக்காகப் பெயரும். மெதுவாகத் தள்ளுங்கள். தண்ணீர் இதற்கும் வேண்டும்.

இப்போது குவார்ட்ஸ் ஸ்லாப் போடச் சொல்கிறார்கள், சைட்டில் அறுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். குவார்ட்ஸ் தூளைப் பிசினில் கலந்து அழுத்திச் செய்த ஸ்லாப்பில் சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடும். இதை அறுத்த இளம் வயதுத் தொழிலாளர்கள் பலருக்குச் சில வருஷத்திலேயே சிலிக்கோசிஸ் வந்ததால் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் இந்த ஸ்லாப்புக்கே தடை போட்டுவிட்டார்கள். போட்டே ஆக வேண்டும் என்றால், அளவு கொடுத்து, தண்ணீர் பாய்ச்சி அறுக்கும் பெரிய மெஷின் உள்ள இடத்தில் முழுசாக வெட்டி வாங்கி வந்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சைட்டில் ஒரு நூல் குறைக்கச் சொன்னாலும் நான் மறுத்துவிடுவேன்.

வெட்டின சேற்றை எங்கே கொட்டுவது?

பாத்ரூம் குழியில் ஊற்றாதீர்கள், டிராப்புக்குள் படிந்து கெட்டியாகிவிடும், பால் காய்ச்சுகிற அன்றைக்குத் தண்ணீர் எதிர்த்து வரும். தென்னை மரத்து வட்டப் பாத்தியிலும் வேண்டாம், மண்ணின் கண்ணை அடைத்துவிடும். இரண்டு பக்கெட் வையுங்கள். ஒன்றில் பிடித்து ராத்திரி தெளிய விட்டால் காலையில் மேலே தெளிந்த தண்ணீர், அதையே மறுபடி வெட்டுக்கு விடலாம். அடி வண்டலை ஈரமாகவே சாக்கில் அள்ளிக் கட்டட இடிபாட்டோடு அனுப்பிவிடுங்கள்.

மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு போடலாமா?

போடாதீர்கள். மரம் பல்லைக் கவ்வினால் மெஷின் கையிலிருந்து எகிறும். கார்டைக் கழற்றி 5 அங்குல பிளேடு போடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

மேஸ்திரி தண்ணீர் வேண்டாம், நேரமாகும் என்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

நேரம் ஆகும் என்பது உண்மை. பக்கெட் வைக்க, சேறு அள்ள, துடைத்துக் காய வைக்க என்று ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போகும், ரேட்டை சதுர அடிக்குப் பேசிவிட்ட ஆளுக்கு அது கைக்காசு. அதனால் ரேட் பேசும்போதே இதையும் பேசுங்கள், அட்வான்ஸ் கொடுத்த பிறகு சொன்னால் மனக்கசப்புதான் வரும். வெட்டுமிடத்துக்கு ஒரு தகரப் பந்தல், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பேரல் தண்ணீர், ஆர்சிசிபி மாட்டின ஒரு போர்டு, ஒரு பெட்டி முகமூடி, இவ்வளவையும் வேலை தொடங்கும் முந்தின நாளே தயாராக வைத்துவிடுங்கள். "ஏனுங்கண்ணா, எல்லாம் எடுத்து வெச்சிருக்கறனுங்க, தண்ணி உட்டே அறுங்க, அதுக்கு ஆகற நேரத்துக்கு நான் சேத்திக் குடுத்தறனுங்க" என்று சொல்லிப் பாருங்கள். நான் போன சைட்டுகளில் இப்படிச் சொன்ன வீட்டுக்காரர்கள் மூன்று பேர், அந்த மூன்று வீட்டிலும் என் பையன்கள் ஒருவன்கூடத் தண்ணீரை நிறுத்தவில்லை.